நெஞ்சக அறுவை சிகிச்சைத் துறைக்கு வர நினைக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு

ஒவ்வொரு ஆண்டும் எங்கள் யூனிட்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களில் யாராவது ஒருவர், டூட்டி முடிந்து கிளம்பும் நேரத்தில், சி.டி.எஸ். எனப்படும் இதய, நெஞ்சக அறுவை சிகிச்சைப் படிப்பைப் பற்றித் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்: "சார், சி.டி.எஸ். எடுத்தா ஹார்ட் ஆபரேஷன்தானே? லங்ஸ் மட்டும் பண்றவங்க இருக்காங்களா?"

இருக்கிறோம். எண்ணிக்கையில் குறைவு, வேலையோ ஏராளம். வராந்தாவில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். எம்.பி.பி.எஸ். கடைசி ஆண்டிலும் ஹவுஸ் சர்ஜன்சியிலும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. பி.ஜி. சேர்ந்துவிட்டவர்கள் நடுவிலிருந்து படிக்கலாம்.

முதலில் இது என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதயமும் பெரிய ரத்தக்குழாய்களும் நீங்கலாக நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் எல்லாமே எங்கள் பொறுப்பு. நுரையீரல், அதைச் சுற்றிய ப்ளூரா உறை, மூச்சுக்குழல், இரண்டு நுரையீரலுக்கும் நடுவே இருக்கும் மீடியாஸ்டைனம், உதரவிதானம், விலா எலும்புகள். உணவுக்குழாயைச் சில இடங்களில் நாங்கள் செய்கிறோம், பல இடங்களில் குடல் அறுவை நிபுணர்கள் செய்கிறார்கள்.

வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தைப் படித்தால் இது முழுக்க முழுக்க நுரையீரல் புற்றுநோய்த் துறை என்று தோன்றும். நம் வார்டு வேறு மாதிரி. காசநோய் குணமான பிறகும் அது விட்டுப்போன சேதத்தோடு வருகிறவர்கள் நிறைய. பழைய காசநோய்க் குழிக்குள் பூஞ்சை உருண்டையாக வளர்ந்து, திடீரென்று டம்ளர் கணக்கில் ரத்தம் இருமுகிறவர் வருவார். மாதக்கணக்கில் நெஞ்சில் சீழ் கட்டி, நுரையீரல் தடித்த தோலுக்குள் விரிய முடியாமல் கிடப்பவர் வருவார். பைக்கிலிருந்து விழுந்து வரிசையாக விலா எலும்பு முறிந்தவர் வருவார்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து குடித்துவிட்டு, வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடந்து, பிழைத்து வீட்டுக்குப் போன இளைஞர். சில வாரம் கழித்து, மூச்சு இழுக்கும்போது விசில் சத்தத்தோடு திரும்பி வருவார். டியூப் இருந்த இடத்தில் மூச்சுக்குழல் சுருங்கியிருக்கும். அதற்குள் யாராவது ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். வளர்ந்தவர்களின் மூச்சுக்குழல் நீளமே ஏறத்தாழ 11 செ.மீ. தான். சுருங்கிய துண்டை வெட்டி எடுத்து, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால் அந்த விசில் நின்றுவிடும். இந்த ஒரு ஆபரேஷனுக்காகவே இந்தத் துறைக்கு வரலாம் என்பது என் கட்சி.

மருத்துவக் கல்லூரியில் இருக்கும் நெஞ்சக சர்ஜனுக்கு இதோடு இன்னும் இரண்டு வேலை உண்டு: கற்றுக்கொடுப்பது, கணக்கு வைப்பது. யாருக்கு என்ன செய்தோம், ஆறு மாதம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்ற கணக்கு. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் மாணவர்கள் மிரள்கிறார்கள். எங்கள் துறையில் ஆராய்ச்சி பெரும்பாலும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

1918இல் அமெரிக்க ராணுவ முகாம்களில் நிமோனியாவும், அதையடுத்து நெஞ்சில் சீழும் பரவியது. சீழ் கட்டினால் திற, வடி என்பதே அன்றைய பாடம். உடனுக்குடன் நெஞ்சைத் திறந்தார்கள். சராசரியாகப் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள், சில முகாம்களில் இன்னும் மோசம். ராணுவம் இதற்கென்று ஒரு எம்பையீமா (நெஞ்சுச் சீழ்) கமிஷன் அமைத்தது. அதில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற இளம் சர்ஜன் இருந்தார். இறந்தவர்களின் கணக்கைப் பார்த்து, ஆய்வகத்திலும் சோதித்து, காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நிமோனியா தணியாத நாட்களில், நீர் இன்னும் கெட்டிச் சீழாக மாறாதபோது திறந்தால், காற்று உள்ளே புகுந்து நெஞ்சின் நடுச்சுவரே ஆடுகிறது, அதில் நல்ல நுரையீரலும் சுருங்கிப்போகிறது. ஆகவே அந்தக் கட்டத்தில் திறக்காதே, காற்று புகாமல் வடி, நோயாளிக்கு நல்ல சாப்பாடு கொடு என்றார்கள். அப்படி மாறிய பிறகு சாவு 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. தண்ணீருக்குள் நுனி மூழ்கிய நெஞ்சு டியூபை ஜெர்மனியின் பூலாவ் 19ஆம் நூற்றாண்டிலேயே பயன்படுத்தியிருந்தார். அது ஏன் தேவை என்பதை உலகத்துக்கு நிரூபித்தது கிரஹாம் குழுவின் கணக்கு.

அதே கிரஹாம்தான் 1933 ஏப்ரல் 5 அன்று செயின்ட் லூயிஸ் நகரில், புற்றுநோய்க்காக ஒரு முழு நுரையீரலை ஒரே ஆபரேஷனில் எடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவர். பின்னால் எர்ன்ஸ்ட் வின்டர் என்ற மருத்துவ மாணவர், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் தொடர்பு உண்டா என்று கணக்கெடுக்க வேண்டும் என்று வந்து நின்றபோது, கிரஹாமுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அவரே நிறையப் புகைப்பவர். ஆனாலும் அனுமதித்தார், கூட நின்றார். 1950இல் இருவர் பெயரிலும் வந்த அந்தக் கட்டுரை புகையிலை பற்றிய உலகத்தின் பார்வையை மாற்றிய கட்டுரைகளில் ஒன்று. கிரஹாம் 1957இல் நுரையீரல் புற்றுநோயால்தான் இறந்தார். அவர் நுரையீரலை எடுத்த அந்த நோயாளி அவருக்குப் பிறகும் சில ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு மாணவரின் கேள்விக்கு, தனக்கே பிடிக்காத பதில் வரக்கூடும் என்றாலும், இடம் கொடுத்த ஆசிரியர் அவர். அப்படிப்பட்ட சீஃப் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஹவுஸ் சர்ஜன்சியில்: ஒரு நெஞ்சு டியூபை ஒழுங்காகப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்

இதற்கு எந்த நுழைவுத் தேர்வும் வேண்டாம். கேஷுவாலிட்டியில் சீனியரோடு நின்றால் போதும்.

நோயாளியைச் சற்று நிமிர்த்திச் சாய்த்து, கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லுங்கள். அக்குளுக்குக் கீழே ஒரு முக்கோணம் தெரியும். முன்பக்கம் பெக்டோராலிஸ் மேஜர் தசையின் ஓரம், பின்பக்கம் லாட்டிசிமஸ் டார்சை தசையின் ஓரம், கீழே முலைக்காம்பு மட்டம். 5ஆம் விலா இடைவெளியைத் தாண்டிக் கீழே போகாதீர்கள். படுத்திருக்கிறவருக்கு உதரவிதானம் நீங்கள் நினைப்பதைவிட மேலே இருக்கும். கல்லீரலுக்குள் போன டியூபைப் பார்த்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

மரப்பு ஊசியைத் தோலோடு நிறுத்திவிடாதீர்கள். விலா எலும்பின் மேலுறைக்கும் ப்ளூராவுக்கும் கொடுத்துவிட்டு, சில நிமிடம் பொறுங்கள். அந்தச் சில நிமிடம் பொறுக்காததால்தான் நோயாளிகள் "ட்யூப் போட்டாங்க, உயிரே போச்சு" என்று சொல்கிறார்கள். பிறகு சிறு கீறல். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை மூடி உள்ளே கொண்டுபோய், விரித்து விரித்துத் தசையைப் பிரியுங்கள், கீழ் விலாவின் மேல் விளிம்பை ஒட்டியே. ஒவ்வொரு விலாவின் கீழ் விளிம்பிலும் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுவதால்தான் இந்த விதி. குத்தி நுழைக்கும் கூர்முனைக் கம்பியான ட்ரோக்காரைத் தொடவே வேண்டாம். ப்ளூரா "பொக்"கென்று விட்டுக்கொடுக்கும். உடனே டியூபைத் திணிக்காமல், முதலில் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். ஈரப் பஞ்சு போல ஒன்று, நோயாளி மூச்சு விடும் தாளத்தில் வந்து விரல் நுனியில் மோதும், விலகும், மறுபடி மோதும். நுரையீரலை நீங்கள் முதன்முதலில் தொடும் இடம் அது. முப்பது வருடமாகத் தொடுகிறவருக்கும் அந்த உணர்வு பழகிப்போவதில்லை.

டியூபைப் போட்டு, தைத்து, பாட்டிலோடு இணைத்ததும் வேலை முடிந்ததென்று போய்விடாதீர்கள். கண்ணாடிக் குழலின் நுனி தண்ணீருக்குள் 2 செ.மீ. அளவு மூழ்கியிருக்கிறதா? மூச்சோடு தண்ணீர் மட்டம் ஏறி இறங்குகிறதா? இருமச் சொன்னால் குமிழ் வருகிறதா? பாட்டில் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே இருக்கிறதா? பல நாட்களாகத் தேங்கிய நீர் என்றால், முதல் வடிப்பில் 1 முதல் 1.5 லிட்டரோடு நிறுத்துங்கள். சுருங்கிக் கிடந்த நுரையீரல் வேகமாக விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துக்கொள்ளும்.

குமிழ் வந்துகொண்டிருக்கும் டியூபை ஒருபோதும் கிளாம்ப் போட்டு அடைக்காதீர்கள். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் பயிற்சியின் முதல் ஆண்டில் ஒருநாள், ஸ்கேனுக்குப் போகும் வழியில் பாட்டில் சாய்ந்துவிடுமே என்று பயந்து, கிளாம்ப் போட்டு அனுப்பினேன். லிஃப்ட் வாசலிலேயே நோயாளி வியர்த்து, கழுத்து நரம்பு புடைத்து, பேச்சு நின்றுவிட்டது. கூட வந்த சிஸ்டர் என்னைக் கேட்கவில்லை, கிளாம்பைக் கழற்றினார். பாட்டில் பொங்கியது, நோயாளி கண் திறந்தார். அந்த சிஸ்டருக்கு நான் நன்றி சொன்னது மறுநாள்தான். அன்றைக்கு வாய் வரவில்லை.

இந்தக் கட்டத்திலேயே ஒரு நோட்டு வாங்கிவிடுங்கள். நீங்கள் போட்ட, அல்லது உதவிய ஒவ்வொரு டியூபுக்கும் ஒரு வரி: வயது, ஏன் போட்டது, எந்தப் பக்கம், எத்தனையாவது நாள் எடுத்தது, எடுத்தபின் எக்ஸ்ரே எப்படி, திரும்ப வந்தாரா. பெயரும் ஐ.பி. எனும் உள்நோயாளி எண்ணும் மருத்துவமனைப் பதிவேட்டிலேயே இருக்கட்டும், உங்கள் நோட்டில் ஒரு வரிசை எண் போதும். ஐம்பது வரி சேரும்போது உங்கள் கை எங்கே சறுக்குகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை

நீட் பி.ஜி. எழுதி எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி, 3 ஆண்டு. அதன்பிறகு எம்.சி.எச்., அதாவது சிறப்பு அறுவை சிகிச்சை மேற்படிப்பு, இன்னொரு 3 ஆண்டு. எம்.பி.பி.எஸ். முடித்ததும் நேரடியாகச் சேரும் 6 ஆண்டு டி.ஆர்.என்.பி. கார்டியோதொராசிக் படிப்பும் உண்டு. மனது உறுதியாக இருப்பவர்களுக்கு அது ஒரு தேர்வுச் சுமையைக் குறைக்கும். ஆனாலும் எம்.எஸ். வழியையே நான் பரிந்துரைப்பேன். வயிற்றைத் திறந்து, குடலைத் தைத்து, ராத்திரி இரண்டு மணிக்கு விபத்துக் கேஸைத் தனியாகச் சமாளித்த கை, நெஞ்சுக்குள் போகும்போது நிதானமாக இருக்கிறது. ஒருவேளை நடுவில் மனம் மாறினாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

இந்த மூன்று ஆண்டில் நெஞ்சக சர்ஜனாகப் போகிறவர் கூடுதலாகச் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, தீசிஸ். எல்லோரும் கடைசி நேரத்தில் சீனியர் தீசிஸைத் தூசு தட்டுகிறார்கள். நீங்கள் நெஞ்சு சம்பந்தமான, உங்கள் வார்டில் மாதந்தோறும் வரும் ஒன்றை எடுங்கள். நெஞ்சுக் காயம், சீழ் வடிப்பு, விலா முறிவு வலிக்கு என்ன மருந்து என்று ஏதாவது. கேள்வி சின்னதாக இருக்கட்டும், ஆனால் விடை உங்களுக்கே முன்கூட்டித் தெரியாததாக இருக்க வேண்டும்.

இரண்டு, சி.டி. ஸ்கேன். ரிப்போர்ட்டைப் படிக்காமல் படத்தை நீங்களே ஓட்டிப் பாருங்கள். மூச்சுக்குழலில் தொடங்கி, அது பிரியும் இடம், வலது மேல் மடல், அதன் மூன்று கிளைகள் என்று ஒவ்வொன்றாகத் தொடருங்கள். வலப்பக்கம் மூன்று மடல், இடப்பக்கம் இரண்டு. அவற்றுக்குள் சிறு கூறுகள், அதாவது செக்மென்ட்கள்: வலது மேல் 3, நடு 2, கீழ் 5, இடது மேல் 5, கீழ் 4. ஆக மொத்தம் 19. இந்த எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

ஒருவருக்கு வலது மேல் மடலை எடுக்க வேண்டும். ஊதும் சோதனையில் அவருடைய எஃப்.இ.வி.1, அதாவது முதல் நொடியில் ஊதித் தள்ளும் காற்று, வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 80 விழுக்காடு. 19 கூறுகளில் 3 போனால் மீதி 16. 80ஐ 16ஆல் பெருக்கி 19ஆல் வகுத்தால் ஏறத்தாழ 67. ஆபரேஷனுக்குப் பின் அவருக்கு மிஞ்சப்போகும் மூச்சு அது. வாயு பரிமாற்ற அளவான டி.எல்.சி.ஓ.வுக்கும் இதே கணக்கு. இரண்டும் 60க்கு மேல் என்றால் தைரியமாகப் போகலாம். 30க்கும் 60க்கும் நடுவே என்றால் படி ஏறவைத்துப் பார்க்க வேண்டும். 30க்குக் கீழே என்றால் முறையான உடற்பயிற்சிச் சோதனை இல்லாமல் கத்தியை எடுக்கக் கூடாது. ஒரு திருத்தம்: கட்டியால் ஏற்கெனவே அடைபட்டு வேலை செய்யாத கூறு இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இல்லாததை இழக்க முடியாது. இப்படிக் கணக்கிட்டு, பென்சிலால் கேஸ் ஷீட் ஓரத்தில் எழுதி வைக்கும் எம்.எஸ். மாணவரை எந்த சீஃபும் மறக்க மாட்டார்.

எம்.சி.எச். எங்கே சேர்வது

எம்.சி.எச்.க்கான நுழைவுத் தேர்வுகளில் நீட் எஸ்.எஸ். ஒரு வாசல். எய்ம்ஸ், ஜிப்மர், சண்டிகர் பி.ஜி.ஐ. போன்ற நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ. எஸ்.எஸ். இன்னொரு வாசல். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனமும் இந்தத் துறைக்குப் பெயர்பெற்ற இடம். படிப்பின் பெயர் பெரும்பாலும் சி.டி.வி.எஸ்., அதாவது இதயம், நெஞ்சகம், ரத்தநாளம் மூன்றும் சேர்ந்தது. இங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. பல இடங்களில் மூன்று ஆண்டில் இரண்டரை ஆண்டு இதயத்திலேயே போய்விடும். அதனால் சேருவதற்கு முன்பு நேரில் போய், அங்கே படிக்கும் இரண்டாம் ஆண்டு பி.ஜி.யை டீக்கடைக்குக் கூட்டிப்போய்க் கேளுங்கள்: "போன வருஷம் எத்தனை லோபெக்டமி நடந்துச்சு? அதுல நீங்க எத்தனை பண்ணீங்க? கேமரா மூலமா பண்றாங்களா? ப்ராங்கோஸ்கோபி யார் பண்றாங்க, நீங்களா செஸ்ட் மெடிசினா?" லோபெக்டமி என்பது நுரையீரல் மடலை எடுப்பது, ப்ராங்கோஸ்கோபி என்பது மூச்சுக்குழலுக்குள் ஸ்கோப் விட்டுப் பார்ப்பது. இணையதளத்தில் இருக்கும் கட்டடப் படங்களைவிட இந்த நான்கு விடைகள் பயன்படும்.

இந்தத் துறை எம்.சி.எச். இடங்கள் சமீப ஆண்டுகளில் பல சுற்று கவுன்சலிங் முடிந்தும் காலியாகக் கிடந்ததுண்டு. நீண்ட பயிற்சி, கடினமான இரவுகள், தாமதமாக வரும் வருமானம் எல்லாம் காரணம். உங்களுக்கு இது ஒரு வாய்ப்பு. நல்ல இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மற்ற துறைகளில் இவ்வளவு கிடைக்காது.

புற்றுநோய்ப் பக்கம் மனம் போனால் எம்.சி.எச். சர்ஜிக்கல் ஆங்காலஜி வழியாகவும் நுரையீரலுக்கு வரலாம். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் இதற்கென்றே தனிப்பிரிவு உண்டு. ஆனால் பூஞ்சை உருண்டையும், ப்ளூரா சீழும், சுருங்கிய மூச்சுக்குழலும் அந்த வழியில் அதிகம் கைக்கு வராது. உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது. இந்தியாவில் நெஞ்சக அறுவை சிகிச்சைக்கு முறையான பயிற்சித் துறை உருவானது வேலூர் சி.எம்.சி.யில்தான். 1940களின் கடைசியில் அங்கு வந்த ரீவ் பெட்ஸ் அதைத் தொடங்கினார். அன்றைக்கு நோயாளிகள் பெரும்பாலும் காசநோயாளிகள். தாம்பரம் சானடோரியம் 1928இல் தொடங்கியது, ரயில் நிலையத்தின் பெயராகவே இன்றும் நிற்கிறது. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் நல்ல காற்று, ஓய்வு, சாப்பாடு, அதற்குமேல் அறுவை, இவைதான் சிகிச்சை.

அப்புறம் மருந்து வந்தது. மருந்து இருந்தால் சானடோரியம் வேண்டுமா, வீட்டிலேயே கொடுத்தால் போதாதா? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அதைக் கணக்காகவே எடுத்தது. நெருக்கடியான வீடுகளில் வசித்த ஏழை நோயாளிகளில் சிலருக்கு வீட்டில், சிலருக்குச் சானடோரியத்தில், குலுக்கல் முறையில் பிரித்து, ஒரே மருந்து. 1959இல் முடிவு வந்தது. வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே அளவுக்குப் பலித்தது, வீட்டிலிருந்தவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னை நோயாளிகளின் இந்தக் கணக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். நம் ஊரில் ஆராய்ச்சி நடக்காது என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தியேட்டருக்குள்

சரி, சேர்ந்துவிட்டீர்கள். முதல் ஆறு மாதம் மயக்க மருத்துவரின் பக்கத்தில் நில்லுங்கள். இரட்டைக் குழல் டியூபைப் போட்டு, ஒரு நுரையீரலை மட்டும் ஓடவிட்டு, நாம் வேலை செய்யும் பக்கத்தைச் சுருங்க வைப்பவர் அவர். டியூப் அரை அங்குலம் நகர்ந்தால் உங்கள் ஆபரேஷன் நின்றுவிடும். அந்த டியூபின் இடத்தை மெல்லிய ஸ்கோப்பால் நீங்களே சரிபார்க்கக் கற்றுக்கொண்டால், கூடவே ப்ராங்கோஸ்கோபியும் கைக்கு வந்துவிடும்.

நுரையீரல் தமனிதான் எங்கள் துறையின் ஆசான். கையிலோ காலிலோ நீங்கள் பார்த்த தமனி மாதிரி அல்ல, ஈரமான செய்தித்தாள் போலக் கிழியும். கிழிந்தால் உடனே கிளாம்ப் தேடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. கிளாம்ப் அந்தக் கிழிசலை இன்னும் பெரிதாக்கும். பஞ்சு கோத்த ஸ்டிக்கை வைத்து மென்மையாக அழுத்துங்கள். உள்ளே அழுத்தம் குறைவான குழாய் என்பதால் அழுத்தத்துக்கு அடங்கும். அழுத்தியபடியே மயக்க மருத்துவரிடம் சொல்லுங்கள், ரத்தம் வரவழையுங்கள், சீனியரைக் கூப்பிடுங்கள். பிறகுதான் அடுத்த அசைவு. எங்கள் தியேட்டரில் ஒவ்வொரு லோபெக்டமிக்கும் முதல் கீறலுக்கு முன்பே அந்த ஸ்டிக் ட்ரேயில் தயாராக இருக்கிறதா என்று பி.ஜி. வாய்விட்டுக் கேட்க வேண்டும், சிஸ்டர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும்.

கேமரா ஆபரேஷன், அதாவது வாட்ஸ், கட்டாயம் கற்க வேண்டியது. விலாக்களை விரிக்காததால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கிறார்கள். ஆனால் காசநோய் தின்ற நுரையீரல் நெஞ்சுச் சுவரோடு சிமென்ட் போட்டது போல ஒட்டியிருக்கும். அங்கே திறந்துதான் செய்ய வேண்டியிருக்கும். திறந்து செய்யத் தெரியாமல் கேமரா மட்டும் தெரிந்தவராக வெளியே வந்துவிடாதீர்கள். பயிற்சிக்குப் பின் ஆறு மாதமோ ஒரு வருடமோ வெளியே போய்ப் பார்த்து வருவது நல்லது. ஒற்றைத் துளை ஆபரேஷனுக்கு ஷாங்காய் நுரையீரல் மருத்துவமனை, நுரையீரல் மாற்றுக்கு டொராண்டோ. 1983இல் ஜோயல் கூப்பர் குழு முதன்முதலில் வெற்றிகரமாக ஒரு நுரையீரலை மாற்றிப் பொருத்தியது டொராண்டோவில்தான். உள்ளூரில் சென்னையிலேயே அந்த அறுவை நடக்கிறது.

நோட்டிலிருந்து கட்டுரைக்கு

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்ததும் தேசிய மருத்துவ ஆணையம் கேட்கும் அடிப்படை ஆராய்ச்சிப் படிப்பை முடிக்க வேண்டியிருக்கும். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இணையவழியில் நடத்துவது அது. கடமைக்கு முடிக்காதீர்கள், உண்மையிலேயே நன்றாக இருக்கும். பதவி உயர்வுக்குக் கட்டுரைகள் தேவை என்பதால் பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள். எங்கள் சங்கத்தின் இதழான இந்தியன் ஜர்னல் ஆஃப் தொராசிக் அண்ட் கார்டியோவாஸ்குலர் சர்ஜரி இருக்கிறது. அங்கே நிராகரித்தால்கூட ஏன் என்று எழுதி அனுப்புவார்கள், அதிலிருந்து கற்கலாம்.

எப்படித் தொடங்குவது? ஹவுஸ் சர்ஜனாக வைத்த அதே நோட்டு, இப்போது எக்ஸெல் ஷீட்டாகும். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஒரு வரி. முக்கியமான பத்திகள்: எத்தனை நாள் காற்றுக் கசிவு, 30ஆம் நாள் உயிரோடு இருக்கிறாரா, 90ஆம் நாள், ஒரு வருடம். கடைசி இரண்டையும் நிரப்புவதுதான் பெரும்பாடு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே இரண்டு போன் எண் வாங்குங்கள், ஒன்று நோயாளியுடையது, இன்னொன்று மகனோ மகளோ அல்லது பக்கத்து வீட்டவரோ. மாதத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லோருக்கும் போன் செய்யுங்கள். "டாக்டர், அப்பா போன மாசம் தவறிட்டாரு" என்ற பதிலும் வரும். அதையும் எழுத வேண்டும். நல்லபடியாக இருப்பவர்கள் மட்டுமே ரிவ்யூவுக்கு வருவதால், ஓ.பி.யை மட்டும் நம்பினால் உங்கள் ஆபரேஷன் எல்லாம் வெற்றி போலத் தெரியும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள். புள்ளியியல் ஆசிரியரை, தரவு சேர்த்து முடித்த பிறகு இல்லாமல், தொடங்கும் முன்பே பாருங்கள்.

கணக்கு நம் நம்பிக்கையைப் புரட்டிப்போடவும் செய்யும். 1995இல் வட அமெரிக்கக் குழு ஒன்று, சிறிய நுரையீரல் புற்றுக்கும் முழு மடலையே எடுப்பதுதான் சரி, குறைவாக எடுத்தால் அதே இடத்தில் நோய் திரும்ப வருவது கூடுகிறது என்று காட்டியது. இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அதுவே சட்டம். 2022இல் ஜப்பானியர்கள் 1,106 பேரை வைத்து, 2 செ.மீ.க்கு மிகாத கட்டிகளில் மீண்டும் சோதித்தார்கள். ஒரு கூறை மட்டும் எடுத்தவர்களில் 94.3 விழுக்காட்டினர் ஐந்து ஆண்டு வாழ்ந்தார்கள், முழு மடலை எடுத்தவர்களில் 91.1. அதே இடத்தில் திரும்ப வந்தது கூறு எடுத்தவர்களில்தான் அதிகம், 10.5க்கு 5.4. ஆனாலும் மொத்தத்தில் அவர்களே அதிகம் பிழைத்தார்கள். மிச்சம் வைத்த நுரையீரல் பின்னால் வந்த வேறு நோய்களைத் தாங்க உதவியிருக்கலாம். இந்தக் கட்டுரையை உங்கள் பி.ஜி.க்களோடு ஒரு மாலை உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். எங்கே நம்பலாம், எங்கே தயங்கலாம் என்று அவர்களையே சொல்ல வையுங்கள். வகுப்பு எடுப்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தியேட்டரில் கற்றுக்கொடுப்பது இன்னும் கடினம். ஆபரேஷனைத் துண்டுகளாகப் பிரித்துக் கொடுங்கள். இந்த வாரம் திறப்பதும் மூடுவதும் உன்னுடையது, அடுத்த மாதம் சிரை, அதன்பிறகு மூச்சுக்கிளை, கடைசியாகத் தமனி. பி.ஜி. தைக்கும்போது உங்கள் கை அரிக்கும். பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

வயது, பணம், வீடு

எம்.பி.பி.எஸ். 5½, எம்.எஸ். 3, எம்.சி.எச். 3. இடையில் தேர்வுக்குப் போகும் ஆண்டுகளைச் சேர்த்தால் தனியாக நிற்கும்போது முப்பதைத் தாண்டியிருக்கும். கல்லூரிச் சம்பளம் தனியார் வருமானத்தைவிடக் குறைவு. வீட்டில் இதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள், குறிப்பாகக் கல்யாணம் செய்யப்போகிறவரிடம். பெண் மாணவிகளிடம் "இவ்வளவு நேரம் நிக்க முடியுமாம்மா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முடியும். என் மாணவிகள் நிற்கிறார்கள், நானும் அவர்களோடு நிற்கிறேன்.

இறப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல யூனிட்டிலும் இறப்பார்கள். செய்தியை வராந்தாவில் நின்றபடி சொல்லாதீர்கள். ஒரு அறை, நாற்காலிகள், முடிந்தால் தண்ணீர். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு பேசாமல் உட்கார்ந்திருங்கள். என் முதல் சீஃப் அப்படி ஒரு தாயின் எதிரே இருபது நிமிடம் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுந்து வந்ததும் நேராகத் தன் பதிவேட்டைத் திறந்து, அந்த நோயாளியின் வரியில் தேதியை எழுதினார், காரணம் என்ற பத்தியில் தன் கையின் தவறு எது என்றும் எழுதினார். மறுநாள் காலை கூட்டத்தில் அந்த வரியைத்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

இன்று ராத்திரி டூட்டி இருந்தால், வார்டில் நெஞ்சு டியூபோடு படுத்திருப்பவரிடம் போய் இருமச் சொல்லுங்கள், தண்ணீர் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். நோட்டின் முதல் வரியாக அதை எழுதுங்கள்.